தளர்த்தும் நொடி

2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் நவீன ஐவகைப் போட்டி நடந்தது. வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அடுத்தது குதிரையில் தடை தாண்டுவது. அந்தப் போட்டியில் யாருக்கும் சொந்தக் குதிரை கிடையாது. குலுக்கலில் விழுகிற குதிரையோடு 20 நிமிடம் பழகிவிட்டுக் களத்தில் இறங்க வேண்டும். ஷ்லோய்க்கு விழுந்தது செயின்ட் பாய். சற்று முன்புதான் வேறொரு வீராங்கனையோடு தாண்ட மறுத்திருந்த குதிரை. களத்துக்குள் அது பின்வாங்கியது, சுழன்றது, முன்னே போகாமல் அடம்பிடித்தது. அவர் அழுதபடியே சவுக்கால் அடித்தார், குதிகாலால் உதைத்தார். வேலியோரம் நின்ற பயிற்சியாளர் ஓங்கி அடிக்கச் சொல்லிக் கத்தியதோடு தானும் ஒரு குத்து விட்டார். ஷ்லோய் 31ஆம் இடத்துக்குச் சரிந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஐவகைப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தக் காட்சியில் எல்லோர் கண்ணிலும் பட்டது சவுக்கு. குதிரை பழக்குகிறவர்களின் பார்வை முதலில் கைக்குப் போகும். கால் ‘போ’ என்று உதைக்கிறது; அதே நேரத்தில் கடிவாள வாரைப் பற்றிய கை ‘நில்’ என்று இழுக்கிறது. குதிரை எதைச் செய்தாலும் ஏதோ ஒரு வலி மிச்சமிருக்கிறது. நான் ஷ்லோயைக் குற்றம் சொல்லவில்லை. பயந்த மனித உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும்: விரல்கள் மூடும், முழங்கால் இறுகும், முதுகு முன்னே குனியும். விழப்போகிற குழந்தை எதையாவது பற்றிக்கொள்வதைப் போன்ற பழைய அனிச்சை அது. குதிரையேற்றக் கலையின் வரலாறு முழுவதும் இந்த அனிச்சையோடு மனிதர்கள் நடத்திவந்த வழக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லில்லாத ஈறு உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் தங்குகிறது. மெல்லிய தோல், அதன் கீழே உடனே எலும்பு. நிற்கப் பழக்குகிறவர் வாரை மெல்ல இறுக்கும்போது குதிரைக்கு அதன் பொருள் தெரியாது. வாயில் ஓர் உறுத்தல், அவ்வளவுதான். அதைத் தொலைக்க அது தலையை உதறும், வாயைத் திறக்கும், பக்கவாட்டில் நகரும். இந்தத் தேடலின் நடுவே ஏதோ ஒரு கணம் தற்செயலாக வேகத்தைக் குறைக்கும். அந்தக் கணத்திலேயே கை தளர்ந்தால் வேகக் குறைப்புக்கும் உறுத்தல் நின்றதற்கும் அதன் மூளையில் முடிச்சு விழுகிறது. ஓரிரு நொடி தாமதித்து, அது தலையை உதறும்போது தளர்த்தினால் தலையை உதறுவதே பாடமாகிவிடும். இழுப்பது கேள்வி மட்டுமே. விடை சரியென்று சொல்வது தளர்த்தல்.

புதிர்ப்பெட்டிக்குள் பூனைகளை அடைத்து 1898இல் தன் ஆய்வை வெளியிட்ட எட்வர்ட் தார்ன்டைக் இந்த வழிமுறையின் அடிப்படையைச் சொன்னார். பி.எஃப். ஸ்கின்னரின் காலத்தில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்ற பெயர் நிலைத்தது. பெயரில் உள்ள ‘எதிர்மறை’யைப் பார்த்துப் பலர் இதைத் தண்டனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது கழித்தல்; பிடிக்காத ஒன்றை அகற்றி, அந்த நேரத்து நடத்தையை உறுதிப்படுத்துவது. சவாரிக் கலையில் சொல்லித் தரப்படுவதில் பெரும்பகுதி இந்த வழியாகவே குதிரைக்குள் போகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் குதிரையேற்றப் பயிற்றுநர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்றில் எட்டில் ஒருவரால்கூட இதைச் சரியாக விளக்க முடியவில்லை. தினமும் செய்கிற வேலையின் கணக்கு கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத் தெரியவில்லை. சில நேரம் கைக்கும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு சிறிய கேள்வி போதும்? விலாவில் உட்காரும் ஈயை உணர்ந்து அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கச் செய்யும் விலங்கு இது. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்குப் பின்னும் உள்ள சிறு பகுதிகள் தவிர ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கிறது. இரையாகவே பரிணமித்த உயிர். மற்றவர் உடலசைவைப் படிப்பதுதான் அதன் பிழைப்பு. இதற்கு நடந்த மிகப் பெரிய நிரூபணம் பெர்லினில், தற்செயலாக. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1904இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை எட்டியதும் கேட்டவரின் தலை கண்ணுக்கே புலப்படாத அளவில் நிமிர்ந்தது. குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. தலையை அசைக்கக் கூடாதென்று உறுதியோடு நின்றவர்களும் அசைத்தார்கள்.

ஹான்ஸின் கதையை உளவியல் மாணவர்களுக்கு ஏமாறாதே என்ற எச்சரிக்கையாகச் சொல்லித் தருகிறார்கள். சவாரி கற்பவர் அதை வேறு விதமாகக் கேட்க வேண்டும். தனக்கே தெரியாமல் தலை அசைவதைப் படிக்கிற உயிரின் முதுகில்தான் அவர் ஏறப்போகிறார். அவர் உடல் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். அதில் எது கட்டளை, எது உளறல் என்று குதிரை எப்படிப் பிரிக்கும்? உளறல் நிற்காவிட்டால் அது கேட்பதையே நிறுத்திவிடும். சவாரிப் பள்ளிகளில் எத்தனை உதைத்தாலும் அசையாத ‘மந்தக் குதிரை’ என்று பெயரெடுத்தவற்றில் பல இப்படி உருவானவை.

பாடம் தரையில் தொடங்குகிறது. தலைக்கயிற்றைப் பின்னோக்கி மெல்ல அழுத்துவது, ஒரு காலடி பின்னே வைத்ததும் விடுவது. விரல் நுனியால் தொடைப்பக்கம் அழுத்துவது, பின்னங்கால் விலகியதும் விடுவது. முன்னே, பின்னே, வலம், இடம்: இந்த நாலும் கிடைத்தால் மேலே வருவதெல்லாம் இவற்றின் கலவைதான். அதன் பிறகு நீளக் கயிற்றில் வட்டமடிக்க விடுவார்கள். குரலுக்குப் பழகும், சேணத்தின் எடைக்குப் பழகும், வயிற்றைச் சுற்றிய வாரின் இறுக்கத்துக்குப் பழகும். மனிதன் முதலில் முதுகின் குறுக்கே மூட்டைபோலப் படுப்பான், மிரளாவிட்டால் காலைப் போட்டு உட்காருவான். பதறாத பயிற்சியாளரிடம் இந்தக் கட்டம் பார்க்கச் சலிப்பாக இருக்கும். சலிப்பாக இருப்பதுதான் நல்ல அடையாளம்.

ஏறிய பிறகு நடைகள். சாதாரண நடையில் இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று நாலு தட்டு. ட்ராட்டில் குறுக்கு ஜோடிகள் சேர்ந்து இறங்குவதால் இரண்டே தட்டு, நடுவில் நாலு காலும் தரையில் இல்லாத ஒரு கணம். கேன்டரில் மூன்று தட்டு. நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நாலு. சவாரிக்காரர் இதை எண்ணிப் பார்க்கக் கூடாது, இடுப்பால் உணர வேண்டும். ஏனென்றால் பின்னங்காலைப் பக்கவாட்டில் எடுத்துவை என்று குதிரையிடம் கேட்க, அந்தக் கால் தரையை விட்டு எழும்புகிற கணம் ஒன்றுதான் உண்டு. உடல் எடையைத் தாங்கி ஊன்றியிருக்கும் காலைக் குதிரை நினைத்தாலும் நகர்த்த முடியாது. ஊன்றிய நேரத்தில் கேட்டுவிட்டு, கேட்கவில்லையே என்று சவுக்கை எடுப்பவர் தண்டிப்பது தன் காலத்தவறை. பின்னங்கால் முன்னே வரும்போது குதிரையின் வயிறு எதிர்ப்பக்கம் ஊசலாடும். தொங்கவிட்ட கால் அந்த ஊசலோடு தானே உள்ளே விழும். இறுகிய கால் இதை ஒருபோதும் அறியாது.

நின்றிருக்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு முன்னங்கால்கள்மேல் இருக்கிறது. மனிதன் ஏறுவதும் முன்பகுதிக்கு அருகில்தான். பின்னங்கால்களை மடக்கி, வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து, கூடுதல் சுமையை அவற்றின்மேல் ஏற்றச் சொல்வதே உயர்நிலைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் இலக்கு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்ற டிரெஸ்ஸாஜ் போட்டியில் நாம் நடனம்போலப் பார்த்தது இந்த எடை மாற்றத்தின் பல வடிவங்களைத்தான்.

இதையெல்லாம் முதலில் எழுதிவைத்தவர் யார் என்று தேடினால் கிமு 14ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். மிட்டானி நாட்டுக் கிக்குலி, ஹிட்டைட் மன்னர்களின் தேர்க்குதிரைகளுக்காகக் களிமண் பலகைகளில் ஏழு மாத அட்டவணை ஒன்று தந்திருக்கிறார்: எவ்வளவு ஓட்டம், எப்போது தீனி, எப்போது குளிப்பாட்டல். உடலைத் தேற்றுவதற்கான நூல் அது. குதிரைக்கு ஒன்றைப் புரியவைப்பது எப்படி என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் செனஃபோன். சாக்ரடீஸின் மாணவர், பாரசீகத்துக்குள் மாட்டிக்கொண்ட பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரை நடத்திக்கொண்டு திரும்பியவர். கிமு 4ஆம் நூற்றாண்டில் அவர் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறுநூல் முழுதாகக் கிடைத்திருக்கிறது. அங்கவடி இல்லாத காலம். சட்டம் வைத்த சேணமும் கிடையாது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்கிறார். மிரண்ட பொருளின் அருகே அடித்து இழுத்துப் போனால் அந்தப் பொருளால்தான் வலி வந்தது என்று நினைத்துக்கொள்ளும் என்கிறார். இருபத்துநான்கு நூற்றாண்டுக்கு முன் எழுதிய இந்தக் குறிப்பை இன்றைய கற்றல் அறிவியல் ஒரு சொல் மாற்றாமல் ஏற்கும். குதிரை கழுத்தை வளைத்து நிமிரும்போது கடிவாளத்தைத் தளர்த்தச் சொல்கிறார். அப்போது அது பெட்டைகளின் முன்னே தானாகக் காட்டும் மிடுக்கைச் சவாரியிலும் காட்டும் என்பது அவர் கணக்கு. தனக்கு முன் எழுதிய சைமனை மேற்கோள் காட்டி, வற்புறுத்திச் செய்யவைத்ததில் புரிதலும் இல்லை அழகும் இல்லை, அது நடனக்காரனைச் சவுக்கால் ஆடவைப்பதற்குச் சமம் என்கிறார்.

செனஃபோனைக் கருணையின் சிகரமாக்கிவிடும் எழுத்துகள் ஒன்றை மறந்துவிடுகின்றன. இரண்டு கடிவாளம் வைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்: ஒன்று வழுவழுப்பானது, மற்றது முள் வைத்தது. முள்ளின் உறைப்பை அறிந்த குதிரைக்கு வழுவழுப்பின் அருமை புரியும் என்பது யோசனை. தளர்த்தலின் மதிப்பு இறுக்கத்தைப் பொறுத்தது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். இந்த முறைக்குள் ஒரு முள் எப்போதும் இருக்கிறது.

முள்ளை மட்டும் எடுத்துக்கொண்ட காலமும் வந்தது. 1550இல் நேப்பிள்ஸின் ஃபெடரிகோ கிரிசோனே எழுதிய நூல் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அவரும் தட்டிக்கொடுக்கச் சொல்கிறார்தான். ஆனால் முன்னே போகாத குதிரைக்கு அவர் தரும் மருந்துகளில் நீளக் கழியில் கட்டிய பூனையும் வாலுக்கடியில் கட்டிய முள்ளெலியும் இருக்கின்றன. நேப்பிள்ஸில் படித்துத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் தெ ப்ளுவினேல் வேறு வழியில் போனார். இளம் பதின்மூன்றாம் லூயிக்குச் சவாரி சொல்லித்தந்த அவர், குதிரையின் மூளையை உழைக்கவைத்தால் காலை அவ்வளவு உழைக்கவைக்க வேண்டியதில்லை என்று கருதியவர்.

அந்த வழி முழுமை பெற்றது பிரான்சுவா ரொபிஷோன் தெ லா கெரினியேரிடம். அவருடைய நூலின் 1733 பதிப்பை இன்றும் சவாரிப் பள்ளிகள் ஆதாரமாகக் கொள்கின்றன. சுவரோரம் நேராகப் போகும் குதிரையின் தோள்களை மட்டும் சற்று உள்ளே கொண்டுவந்து, உள்பக்கப் பின்னங்காலை வயிற்றுக்கடியில் எடுத்துவைக்கச் செய்யும் பயிற்சி ஒன்றை அவர் விளக்கினார். பார்ப்பவருக்கு வியப்பே தராத அசைவு. குதிரைக்கோ அது தோளை இலகுவாக்கி, பின்னங்காலை மடக்கப் பழக்கி, பிறவியிலேயே ஒரு பக்கம் சாயும் உடலைச் சீர்ப்படுத்துகிறது. கற்கத் தொடங்கும் குதிரை முதல் தேர்ந்த குதிரை வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்துவதால்தான் முந்நூறு ஆண்டாக நிலைத்திருக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அவர் நூலில் உள்ள இன்னொன்று. குதிரை பின்னங்கால்களில் எடையை ஏற்றித் தன்னைத் தானே தாங்கத் தொடங்கியதும் கையைக் கீழே இறக்கி வாரைத் தளர்த்திவிட வேண்டும் என்கிறார். அடுத்த சில காலடிகள் கடிவாளத்தின் தாங்கல் இல்லாமல் அதே நிலையில் போகிறதா என்பது சோதனையும் ஆகிறது, பரிசும் ஆகிறது. எதிர்மறை வலுவூட்டல் என்ற பெயர் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே அதன் மிக நுட்பமான பயன்பாடு இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சுவா பொஷே சர்க்கஸ் அரங்கில் பெயர் எடுத்தவர், படைக்காரர்களின் ஏளனத்துக்கும் ஆளானவர். அவருடைய தொடக்க முறையில் காலும் கையும் ஒன்றையொன்று எதிர்த்து நெருக்கும். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டு, கை பேசும்போது கால் சும்மா இருக்கட்டும், கால் பேசும்போது கை சும்மா இருக்கட்டும் என்ற கருத்துக்கு வந்தார். டோக்கியோவில் பார்த்த முரண்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான மருந்து கிடையாது. இத்தாலியக் குதிரைப்படையின் ஃபெடரிகோ கப்ரில்லி தடை தாண்டலில் இதே முடிவுக்கு வேறு பாதையில் வந்தார். அதுவரை தாண்டும்போது பின்னே சாய்ந்து வாரைப் பற்றிக்கொள்வது வழக்கம். குதிரையின் வாயில்தான் சவாரிக்காரர் தொங்கினார். கப்ரில்லி முன்னே சாயச் சொன்னார், கழுத்தை நீட்ட இடம் விடச் சொன்னார். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இன்று உலகம் தாண்டுவது அவர் முறையில்தான்.

இத்தனை பேர் இத்தனை தெளிவாகச் சொல்லியும் ஏன் மறுபடி மறுபடி மறந்துபோகிறது? குதிரை பற்றிய அறிவு குதிரையோடு வருவதில்லை, ஆட்களோடு வருகிறது. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியே ஆண்டுதோறும் திரளாக வந்த அரபுக் குதிரைகள் விரைவில் மடிந்துபோனதை எழுதிய மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லையென்றும், அப்படிப்பட்டவர்கள் அங்கே போகாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். சாகச் சாகத்தானே விற்பனை. முழுவதும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சரக்கைவிட அதன் நுணுக்கத்தைக் கடத்துவது கடினம் என்பது புரிகிறது.

வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளி இதை வேறு யாரையும்விட நன்றாக அறிந்த இடம். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தொடரும் நிறுவனம், 1735இல் முடிந்த வெள்ளைக் கூடத்தில் இன்றும் லிப்பிசானர் ஆண்குதிரைகளைப் பழக்குகிறது. அங்கே முறையை எழுத்தில் வைக்க 1898இல்தான் முயன்றார்கள், அதுவும் மிகச் சுருக்கமாக. மற்றதெல்லாம் வாய்வழி, உடல்வழி. புதிய மாணவரை நீளக் கயிற்றில் சுற்றும் தேர்ந்த குதிரையில் ஏற்றுவார்கள். அங்கவடி கிடையாது, வாரும் கையில் கிடையாது. மாதக்கணக்கில் அப்படியே. உட்காரத் தெரியாதவர் கையில் வாரைக் கொடுத்தால் சமநிலை தவறும்போதெல்லாம் குதிரையின் வாயைப் பிடித்துக்கொள்வார் என்பதுதான் காரணம். கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கும் முன் சும்மா இருக்கக் கற்க வேண்டும். மூத்த சவாரிக்காரர் இளம் குதிரைக்குக் கற்பிக்கிறார், மூத்த குதிரை இளம் சவாரிக்காரருக்குக் கற்பிக்கிறது. முழுத் தேர்ச்சிக்குப் பத்தாண்டும் ஆகும். 1936 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று பின்னர் பள்ளியை நடத்திய அலோயிஸ் பொதாய்ஸ்கி தன் குதிரைகளை ஆசிரியர்கள் என்றே கருதியவர். பெண்களை மாணவர்களாகச் சேர்க்க மட்டும் இந்தப் பள்ளிக்கு 2008 வரை ஆயிற்று. பழமையைக் காப்பவர்கள் எதையெல்லாம் சேர்த்துக் காக்கிறார்கள் என்பதற்கு அதுவும் சான்று.

இதைச் சொன்ன கையோடு, தளர்த்தும் கையைப் புனிதமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அழுத்தம் இருந்தால்தான் தளர்த்தல் உண்டு. ‘குதிரையும் நானும் பங்காளிகள்’ என்று பேசும் பல பயிற்சியாளர்களின் வட்ட வேலிக்குள் நடப்பது, விரட்டுவதும் விரட்டலை நிறுத்துவதும்தான். தீனியைப் பரிசாகத் தந்து பழக்கிய குதிரைகள் மாதங்கள் கழித்தும் மனிதரை நாடி வந்தன என்று பிரான்சின் ரென் நகர ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். தரைப் பயிற்சியில் அது எளிது. முதுகில் உட்கார்ந்துகொண்டு, ஓடும் விலங்குக்குச் சரியான நொடியில் கேரட் கொடுப்பது நடக்கிற காரியமா? ஆகவே தொடுதலே கருவியாக நீடிக்கிறது. அதை எவ்வளவு சிறிதாக்கலாம், எவ்வளவு விரைவில் நிறுத்தலாம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. நிறுத்தாமல் விட்டால், தப்பிக்க வழியில்லை என்று கண்ட உயிர் முயல்வதையே கைவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் குதிரை அடக்கமானதாகத் தெரியும்.

போட்டி உலகம் அந்த அடக்கத்துக்கு மதிப்பெண் தந்துவிடும் ஆபத்து உண்டு. வாயைத் திறப்பது குதிரை தன் வலியைச் சொல்லும் வழி. மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டினால் வாய் திறக்காது, நடுவர் குறைக்க மாட்டார். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கம். அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளை அளந்து 2017இல் வெளியான ஆய்வில் 44 விழுக்காட்டுக் குதிரைகளின் பட்டைக்கடியில் ஒரு விரலுக்குக்கூட இடமில்லை. இரண்டு விரல் நுழைந்தவை 7 விழுக்காடு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் இதற்கு அளவுகருவியைக் கொண்டுவந்திருக்கிறது.

வாரின் இழுவிசையை அளக்கும் கருவிகளும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. போட்டிக் களத்தில் இல்லை. சில நாடுகளின் தொடக்கநிலை டிரெஸ்ஸாஜ் தேர்வுகளில் ஒரு சிறு உருப்படி உண்டு: வட்டமடிக்கும்போதே சவாரிக்காரர் கைகளை முன்னே நீட்டி, சில காலடிகளுக்கு வாரைத் தளர்த்திக் காட்ட வேண்டும். குதிரை அதே நடையில், அதே நிலையில் தொடர்ந்தால் மதிப்பெண். கெரினியேரின் சோதனைதான் அது. ஒலிம்பிக்கில் ஓடும் கிராண்ட் பிரீ தேர்வில் நின்ற இடத்திலேயே ட்ராட் உண்டு, அடிக்கு ஒருதரம் முன்னணிக் காலை மாற்றிக்கொண்டே போகும் கேன்டர் உண்டு. வாரைத் தளர்த்திக் காட்டும் உருப்படி அதில் இல்லை.